துப்பாக்கி வாங்கப் போகும் மகனுக்கு

தம்பி,

வெள்ளிக்கிழமை போலீஸிலிருந்து ஆள் வந்து, துப்பாக்கி வைக்கிற இரும்புப் பெட்டியைப் பார்ப்பார் என்று நேற்று சாப்பிடும்போது சொன்னாய். "அம்மா, உங்கிட்ட ஏதாவது கேட்டாங்கன்னா, எனக்கு ஷூட்டிங் ஸ்போர்ட்ல இன்ட்ரஸ்ட்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் பேசாத" என்றாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. ஆட்டினேன் என்றுதான் நீ எடுத்துக்கொண்டிருப்பாய். இத்தனை வருஷமாக நீ சொன்னதற்கெல்லாம் ஆட்டிப் பழகிய தலைதானே. ஆனால் ராத்திரி முழுக்க அதே யோசனை. வெள்ளிக்கிழமை நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதை உனக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நேரில் பேசினால் நீ பாதியில் போனை எடுத்துப் பார்ப்பாய், நான் பாதியில் அழுவேன், பேச்சு எங்கேயும் போய்ச் சேராது. நீ திருச்சியில் பிளஸ் டூ வரை தமிழில் எழுதியவன், படிக்கச் சிரமம் இருக்காது. படித்து முடித்த பிறகு உன் நண்பர்களுக்கும் காட்டு. இங்கே சிட்னியில் ஹரிஸ் பார்க் தோசைக் கடையில் உட்கார்ந்து ரிவால்வரா பிஸ்டலா என்று உன்னோடு பேசுகிற அந்தப் பையன்களுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். ஊரே படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

உன் பயத்தை நான் கேலி செய்வதாக மட்டும் நினைத்துவிடாதே. தை மாதம் அந்தக் கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டு நாமெல்லாரும் வேனில் வந்து இறங்கியபோது, துணி துவைக்கிற லாண்டரி அறையின் பின்கதவு பெயர்ந்து கிடந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். மருமகளின் நகைகள் போயின. பூஜை அலமாரியில் இருந்த வெள்ளி விளக்கு போனது. மருமகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது அவர்கள் சர்ச்சில் போட்ட ஞானஸ்நானச் சங்கிலியையும் விடவில்லை பாவிகள். அதெல்லாம்கூடப் போகட்டும். உங்கள் கட்டிலில், அவள் படுக்கிற பக்கத்தில், சேறு ஒட்டிய ஷூத் தடம் ஒன்று இருந்ததே, மேல் பலகையில் தேட ஏறி நின்றிருக்கிறான். அதைப் பார்த்து நீ நின்ற நிற்பை என்னால் மறக்க முடியவில்லை. போர்வையைத் துவைக்கலாம் என்றேன். நீ அதைக் குப்பைத்தொட்டியில் போட்டாய். மெத்தையையும் தெருவில் போட்டாய். அன்றைக்குப் போன தூக்கம் உனக்கு இன்னும் திரும்பவில்லை. எனக்குத் தெரியும். பின்கட்டில் எனக்கும் அப்பாவுக்கும் கொடுத்த கிரானி ஃப்ளாட்டில் படுத்திருந்தாலும் முன்வீட்டில் எந்த விளக்கு எரிகிறது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நீ செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. கேமரா வைத்தாய், சரி. கம்பிக் கதவு போட்டாய், சரி. வாசலில் செருப்பு கிடந்தால் வீட்டில் எத்தனை பேர், ஆணா பெண்ணா என்று திருடன் எண்ணிவிடுவான் என்று எல்லார் செருப்பையும் உள்ளே வைக்கச் சொன்னாய். பிறகு பழைய சாமான் கடையில் பெரிய அளவில் இரண்டு ஜோடி கட்டட வேலை பூட்ஸ் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாய். வீட்டில் தடியன்கள் இருப்பதாகத் திருடன் நினைக்க வேண்டுமாம். திருடன் என்ன நினைத்தானோ தெரியாது. மெரிலேண்ட்ஸிலிருந்து வந்த சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு, யாரோ வெள்ளைக்கார விருந்தாளி வந்திருக்கிறார்கள், தொந்தரவு வேண்டாம் என்று மீன்குழம்பை வாசலிலேயே வைத்துவிட்டு ரயிலேறிவிட்டார்கள். அன்றைக்குக்கூட நாம் எல்லாரும் சிரித்தோம். உன் அப்பா அந்த பூட்ஸில் காலை விட்டு ஹாலில் அணிவகுப்பு நடத்தினார்.

பிறகுதான் துப்பாக்கிப் பேச்சு வந்தது. இந்த நாட்டில் வீட்டைக் காப்பாற்ற என்று சொன்னால் லைசென்ஸ் கிடையாது, துப்பாக்கி சுடும் க்ளப்பில் சேர்ந்து விளையாட்டு என்று சொன்னால்தான் கிடைக்கும் என்று நீயே விளக்கினாய். சில மாதம் க்ளப் துப்பாக்கியிலேயே பழக வேண்டும், பிறகு சொந்தமாக வாங்கலாம் என்றாய். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் வாங்கும்போது போட்டாயே, அதே மாதிரி கட்டம் கட்டி எடை, நீளம், விலை, எத்தனை குண்டு என்று நிரப்பினாய். "ரிவால்வர்னா சிக்கல் கம்மிப்பா, நடுவுல குண்டு மாட்டிக்காது" என்றாய். மிக்ஸி வாங்கவே ஒரு மாதம் கடை கடையாக என்னை இழுத்தடித்த உன் அப்பா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு "வாரண்டி எத்தனை வருஷம்டா?" என்று கேட்டார். காது மந்தமான மனிதர், பேச்சு எதைப் பற்றி என்றே அவருக்கு முழுசாகப் பிடிபடவில்லை. அன்றைக்கு நான் அந்த மேஜையில் மல்லித்தழை ஆய்ந்துகொண்டிருந்தேன். நம் குடும்பம் துப்பாக்கியையும் சமையல் சாமான் மாதிரி உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறதே என்று நினைத்தேனே தவிர, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

க்ளப்பில் குடும்பத்தோடு வரச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போனாய். நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தேன், ஏதோ மிருகக்காட்சிசாலைக்குப் போகிற மாதிரி. அங்கே இருந்த பயிற்சியாளர் நல்ல மனிதர். தொப்பை, வெள்ளை மீசை, பொறுமையான குரல். எல்லாரையும் உட்கார வைத்து, இது விளையாட்டு, இங்கே வருகிறவர்கள் விளையாட வருகிறவர்கள், வீட்டில் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ள யாராவது வந்திருந்தால் வந்த வழியே போகலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்ன இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் அந்த இடத்தில் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய் பார், அதில் மீதியும் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உன் மேல் யாராவது புகார் சொன்னால்கூட நிமிர்ந்து நின்று பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியாமல் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

என்னையும் சுட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காதுக்கு ஒன்று மாட்டினார்கள், கண்ணுக்கு ஒன்று மாட்டினார்கள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். கையில் வைத்தபோது இஞ்சி தட்டுகிற சின்னக் குழவி அளவுக்குக் கனம். அந்த மீசைக்காரர் பின்னால் நின்று என் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அழுத்தினேன். காகிதத்தின் ஓரத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். "அம்மா, சூப்பர்மா!" என்று நீ கத்தினாய், திருட்டுக்குப் பிறகு உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன் தம்பி, எனக்கும் அது பிடித்திருந்தது. அறுபத்தைந்து வயதில், மூட்டுவலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவளுக்கு, ஒரு நிமிஷம் யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று தோன்றியது. உனக்கு ஏன் அது வேண்டியிருக்கிறது என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் அதற்குப் பிறகும் பல வாரம் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஆடி மாதத்துக்கு வருகிறேன். நீ அந்தக் கதையை உன் நண்பர்கள் கூட்டத்தில் நடித்துக்காட்டிச் சிரிக்க வைத்துவிட்டாய், நானும் கூடச் சிரித்தேன். ஆனால் நான் இருந்த இடத்திலிருந்து நீ அதைப் பார்த்ததில்லை. சிட்னிக் குளிரில் மாவு புளிக்காது. எங்கள் ஃப்ளாட்டில் அடுப்புக்குக் கீழே ஓவன் கிடையாது. உங்கள் ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே பாத்திரத்தை வைத்தால் மறுநாள் பொங்கி நிற்கும். அப்படித்தான் குளிர்காலம் முழுக்க நம் வீட்டில் இட்லி. நீ ராத்திரி வேலை முடித்துக் காலையில் வந்து படுத்து, சாயங்காலம் வரை தூங்குகிறவன். அன்றைக்குப் பகல் இரண்டு மணி இருக்கும். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். நீ தூங்குகிறாயே என்று நான் செருப்பை எங்கள் வாசலிலேயே கழற்றிவிட்டு, கண்ணாடி வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, லாண்டரிக் கதவை மெதுவாகத் தள்ளி, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். திரைகள் எல்லாம் இழுத்து விட்டிருந்தன, பகலிலும் இருட்டு. ஓவனுக்கு முன்னால் குனிந்து பாத்திரத்தை எடுத்தேன்.

பின்னால் நீ கத்தினாய். இங்கிலீஷில் கத்தினாய். பெற்ற மகன் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. திரும்பினேன், பாத்திரம் கையிலிருந்து போனது, தரையெல்லாம் மாவு. நீ நாலடி தள்ளி, கிரிக்கெட் மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு நின்றாய். நான் "தம்பி, அம்மாடா" என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், சத்தம் வந்ததோ என்னவோ. ஓவன் விளக்கு வெளிச்சத்தில் உன் கண் என் மேல்தான் இருந்தது, ஆனால் நீ என்னைப் பார்க்கவில்லை. வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் கட்டிலில் ஏறி நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மட்டை கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு நீ "ஐயோ, அம்மா" என்று மாவிலேயே உட்கார்ந்துவிட்டாய். நாம் இரண்டு பேரும் துடைத்தோம். "பெல் அடிச்சுட்டு வரக் கூடாதாம்மா?" என்றாய். "உன் தூக்கம் கெடக் கூடாதுன்னுதான்டா" என்றேன். அதற்குத்தான் நீ சிரித்தாய், நானும் சிரித்தேன்.

தம்பி, அந்த மட்டை தூரத்திலிருந்து எதுவும் செய்யாது. நீ நாலடி நடந்து என்னிடம் வர வேண்டியிருந்தது. அந்த நாலடிக்குள் உனக்கு என் முகம் தெரிந்தது. அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் கட்டங்களில் நீ நிரப்பிய சாமானுக்கு நடக்க வேண்டியதே இல்லை. துப்பாக்கி ஒரு பெட்டியில், குண்டு வேறு பெட்டியில், இரண்டுக்கும் பூட்டு, அதுதான் சட்டம் என்று அந்த மீசைக்காரர் சொன்னாரே என்று போன வாரம் உன்னைக் கேட்டேன். "அதெல்லாம் செக் பண்ண வர்ற அன்னிக்கு மட்டும்தாம்மா. அப்புறம் கைக்கு எட்டுற மாதிரி பக்கத்துல வெச்சுக்குவேன், இல்லேன்னா எதுக்கு வாங்கணும்?" என்றாய். நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது, பூட்டி வைத்த துப்பாக்கியால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பூட்டாமல் வைத்தால் நான் செத்தேன். இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று நானும் யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன். இல்லை.

நான் வராமல் இருந்துவிடலாமே என்று நீ சொல்லலாம். எப்படி வராமல் இருப்பேன்? கிறிஸ்துமஸுக்கு முன்னால் உனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. மருமகளுக்குப் பத்திய சாப்பாடு யார் கொடுப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது யார்? நீ அசந்து தூங்குகிற பகல் வேளையில்தான் நான் உள்ளே வந்து போவேன். குழந்தை தூங்கினால் இன்னும் மெதுவாக வருவேன். உன் அப்பாவும் வருவார். அவரை "யாரு அது?" என்று நீ எவ்வளவு கத்திக் கேட்டாலும் அவர் காதில் விழாது, திரும்பிப் பார்க்க மாட்டார், பதில் சொல்ல மாட்டார். இதைக் கொஞ்சம் நினைத்துப் பார். நம் வீட்டில் சத்தமில்லாமல் நடக்கிறவர்கள் எல்லாம் உன் ஆட்கள்தான் தம்பி. திருடன்தான் கதவை உடைத்துக்கொண்டு தடதடவென்று வந்தான்.

உன் மனைவியிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். அவள் இலங்கைச் சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள், உன்னிடம் இங்கிலீஷில் பேசுவாள், என்னிடம்தான் தமிழில் பேசுவாள். அந்த இரும்புப் பெட்டியை கராஜ் சுவரில் நீ திருகிக்கொண்டிருந்த அன்றைக்கு, என் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாமி, எனக்கு அந்தச் சாமான் வீட்டுக்குள்ள வேண்டாம். இவரிட்டச் சொன்னா, உனக்கு அது பழைய பயம், ஊர்ப் பயம் எண்டு சொல்லுறார்" என்றாள். பிறகு நீ திருகுவதைப் பார்த்துக்கொண்டே, "துவக்கு வச்சிருந்தவையும் எங்களைக் காப்பாத்தத்தான் எண்டுதான் சொன்னவை" என்றாள். துவக்கு என்றால் அவர்கள் பேச்சில் துப்பாக்கி. வயிற்றைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நீ அவளுக்காகத்தான் வாங்குகிறாய் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறாய். அவள் படுக்கிற பக்கத்துத் தலைமாட்டில்தான் அதை வைக்கப் போகிறாய்.

எனக்குப் புத்தி சொல்லத் தெம்பில்லை. இந்த வயதில் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்கு வந்து, பஸ் பிடிக்கப் பழகி, மருந்துக் கடையில் பேசப் பழகி, ஓய்ந்துபோய்விட்டேன். உனக்கும் சோர்வுதான் என்று தெரியும். ராத்திரி முழுக்க எங்கோ இருக்கிறவர்களின் கம்ப்யூட்டரைச் சரிபார்த்துவிட்டு, பகலில் தூங்கலாம் என்று படுத்தால் ஜன்னல் ஜன்னலாகக் காது கொடுத்துக்கொண்டு கிடக்கிறாய். கண்ணுக்குக் கீழே கருத்துப்போய்விட்டது. நீ தேட வேண்டியது தூக்கத்தை. அதற்கு டாக்டர் இருக்கிறார். போனாயானால் நானும் கூட வருகிறேன், வெளியே உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி வேலையை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் பகல் வேலை பார், நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சமாகத் தின்கிறவர்கள். பெரிய நாய் ஒன்று வாங்கு, எனக்கு நாய் என்றால் அருவருப்பு, ஆனாலும் சோறு வைக்கிறேன். என் பங்குக்கு நான் ஒன்று மாற்றிக்கொள்கிறேன். இனிமேல் உன் தூக்கத்தைப் பார்த்து நடக்க மாட்டேன். செருப்பைத் தேய்த்துக்கொண்டு, உன் பேரைக் கத்திக்கொண்டு, சினிமாப் பாட்டு பாடிக்கொண்டு வருவேன். தூக்கம் கெட்டால் கெடட்டும்.

இனி வெள்ளிக்கிழமை விஷயம். போலீஸ்காரர் வந்தால் காபி கொடுப்பேன். பெட்டியைக் காட்டுவேன். அவர் என்னிடம் எதுவும் கேட்காவிட்டாலும் நானே போய் அவர் முன்னால் நிற்பேன். உன் மகன் விளையாட்டுக்கா வாங்குகிறான் என்று கேட்டால், இல்லை என்பேன். என்ன சொல்ல வேண்டும் என்று மருமகளிடம் கேட்டு, அவள் சொல்லிக் கொடுத்ததைக் காலையிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன். மை சன் இஸ் நாட் ஸ்லீப்பிங். ஹீ இஸ் வெரி அஃப்ரெய்ட். ப்ளீஸ் டோன்ட் கிவ் ஹிம் தி கன். அவ்வளவுதான் எனக்கு வருகிறது. என் இங்கிலீஷைக் கேட்டால் நீ சிரிப்பாய், அன்றைக்குச் சிரிக்க மாட்டாய் என்று தெரியும்.

அந்த க்ளப்பில் உன் பெயரை அடித்துவிடலாம். லைசென்ஸ் இந்த ஜன்மத்துக்கும் கிடைக்காமல் போகலாம். நண்பர்கள் முன்னால் உனக்குத் தலைகுனிவாக இருக்கும், பெற்ற தாயே போலீஸிடம் காட்டிக்கொடுத்தாள் என்று சொல்வாய். சொல். எங்களை இந்த வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் போகிறோம், மெரிலேண்ட்ஸில் ஒரு அறைக்கு விசாரித்து வைக்கும்படி சம்பந்தியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். குழந்தையைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்று நீ சொல்லிவிடுவாயோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம். ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். ஏனென்றால், அன்றைக்கு நீ மாவில் உட்கார்ந்து "ஐயோ, அம்மா" என்றாய் அல்லவா, அப்போது பதில் சொல்ல நான் இருந்தேன். நான் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கதறலோடு மீதி வாழ்க்கை முழுக்க நீ தனியாகக் கிடப்பாய். என் சாவைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை. நீ என்னோடு பேசாமல் இருந்துகொள். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருந்துகொள். என்னைக் கொன்ற பிள்ளையாக மட்டும் உன்னை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது.

அம்மா